வோன்மொபிலுக்குள்ளை ஒரு தோய்க்கிற மெசின்

எனக்கு உடுப்புத் தோய்க்கிற விசர் எண்டு கொலோன் நகரத்திலை எங்கடை சனத்துக்குள்ளை ஒரு கதை இருந்தது. பூசை முடிஞ்சு வெளியிலை வந்தால் ஆராவது கேப்பினம், "என்னக்கா, இண்டைக்கு எத்தினை மெசின் போட்டனீங்கள்?" எண்டு. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு சிரிப்பன். போன நத்தாருக்கு ஒருத்தி ஒரு பெரிய பெட்டி சவுக்காரத்தூள் வாங்கி, அதுக்கு றிபனும் கட்டிக்கொண்டு வந்து என்ரை கையிலை தந்தவள். பக்கத்திலை நிண்ட சனம் முழுக்கச் சிரிச்சது. அந்தப் பெட்டி இன்னும் வீட்டுக்குக் கீழை, கெல்லர் அறைக்குள்ளை கிடக்கு. கண்ணிலை படுற நேரமெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நான் ஆரெண்டு தெரிஞ்சால் உங்களுக்கும் பத்தும். முதியோர் இல்லம் ஒண்டின்ரை சலவை அறையிலை இருபது வருசத்துக்கு மேலை நிண்டு வேலை செய்தவள் நான். ஆர் ஆரோ அழுக்காக்கின விரிப்பும் ஆர் ஆரோ சத்தி எடுத்த சட்டையும் இந்தக் கையாலை எடுத்துப் போட்டு, அந்த வெக்கையிலை நிண்டு மடிச்சிருக்கிறன். பென்சன் எடுத்த அண்டைக்கு வீட்டுக்கு வந்து, இனி என்ரை சீவியத்திலை பிறத்தியாற்ரை உடுப்பைத் தொடமாட்டன் எண்டு மாதாவின்ரை படத்துக்கு முன்னாலை சொன்னனான். உலகத்திலை எனக்குப் பிடிக்காத வேலை ஒண்டு இருக்கெண்டால் அது தோய்க்கிறதுதான். என்னைப் போய்ச் சொன்னதுகள் தோய்க்கிற விசரி எண்டு.

கதையைக் கட்டிவிட்டது வேறை ஆருமில்லை. என்ரை மனிசன்.

மூண்டு வருசத்துக்கு முந்தி அவருக்குப் புறொஸ்டேட்டிலை புற்றுநோய் எண்டு ஒப்பரேசன் செய்தவை. கடவுள் கிருபையாலை நோய் முழுக்கப் போயிட்டுது. ஆனால் சலத்தை அடக்கிற சக்தி திரும்பி வரேல்லை. டொக்டர் முதல்லை ஆறு மாதம் பொறுங்கோ எண்டார், பிறகு ஒரு வருசம் எண்டார், இப்ப நாள் குறிச்ச டெர்மினுக்குப் போனால் அதைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை. பகலிலை உள்ளுக்கு ஒரு பஞ்சு வைச்சுச் சமாளிச்சுப்போடுவார். நித்திரையிலைதான் ஏலாது. விடிய எழும்பினால் கட்டியிருக்கிற சாரமும் விரிப்பும் நனைஞ்சு கிடக்கும். நான் ஒண்டும் கதைக்காமல் உருவிக்கொண்டுபோய் மெசினுக்குள்ளை போடுவன். வருத்தம் எண்டால் வருத்தம்தான், இதிலை வெக்கப்பட என்ன கிடக்கு எண்டு எத்தினையோ தரம் சொல்லிப் பாத்திட்டன்.

அந்தாளுக்கு அது ஏறேல்லை. எனக்கும் டொக்டருக்கும் தவிர வேறை ஒரு உயிருக்கும் தெரியக்கூடாது எண்டு நிண்டார். பெத்த மகளுக்குக்கூடச் சொல்லவிடேல்லை. சனிக்கிழமைச் சீட்டு விளையாட்டு நிண்டுது. கலியாணவீடு நிண்டுது. கோயிலுக்கு வந்தாலும் கதவடியிலை நிண்டுபோட்டு பூசையிலை நன்மை அப்பம் குடுக்கிறதுக்கு முந்தியே காருக்குள்ளை போய் இருந்திடுவார். ஹனோவரிலை இருக்கிற மகள் வீட்டுக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு ஒருக்காலும் போகேல்லை. அங்கை பேத்தி பிறந்து, தவண்டு, எழும்பி நடக்கத் தொடங்கிட்டாள். இவர் எல்லாத்தையும் ரெலிபோனுக்குள்ளைதான் பாத்தவர். "அப்பா எப்ப வாறார்?" எண்டு மகள் கேக்க, "கொப்பாவுக்கு நாரிநோ, கனநேரம் இருந்து வரேலாது" எண்டு நான் பொய் சொல்லுவன். ஏன் தகப்பன் தன்ரை பிள்ளையைப் பாக்க வரேல்லை எண்டு அவளுக்கு மனசுக்குள்ளை ஒரு தாக்கம் இருந்தது. அவளின்ரை குரலிலை அது எனக்குத் தெரியும்.

இப்பிடி வீட்டுக்குள்ளையே அடைஞ்சு கிடந்த மனிசன் ஒருநாள் றோட்டிலை நிண்ட ஒரு வோன்மொபிலை, வீடு மாதிரி உள்ளுக்கு எல்லாம் இருக்கிற வானை, பாத்திட்டு வந்தார். முன்வீட்டு ஜேர்மன்காரர் வாங்கினது. கூப்பிட்டு உள்ளுக்கும் காட்டியிருக்கினம்.

"இஞ்சேரும், உதுக்குள்ளை படுக்கையும் இருக்கு, கக்கூசும் இருக்கு. எங்கை போனாலும் எங்கடை கக்கூசு எங்களோடை வரும்" எண்டார்.

சீவியம் முழுக்க லொறி ஓடின மனிசன். அந்த முகத்திலை ரண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சத்தைக் கண்டன். அதாலை நான் ஒரு சொல்லும் மறுத்துக் கதைக்கேல்லை. ஹனோவருக்குப் போய் மகள் வீட்டு வாசலிலை நிப்பாட்டிப்போட்டு, ராவிலை எங்கடை வண்டிலுக்குள்ளை வந்து படுக்கலாம், மருமகனுக்கு ஒண்டும் தெரியவராது எண்டது அவற்ரை கணக்கு. பழசு ஒண்டு வாங்கினம்.

வாங்கின பிறகு வந்தது அடுத்த கரைச்சல். நனைஞ்ச விரிப்பை என்ன செய்யிறது?

"காம்பிங் இடங்களிலை தோய்க்கிற அறை இருக்கும், ஒரு காசுக் குத்தியைப் போட்டால் தோயும்" எண்டன் நான்.

"அங்கை சனம் நிக்கும்."

"நிக்கட்டுமன்."

"ஒவ்வொரு நாளும் விடியக்காலமை ஒரு கிழவன் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தால் என்னெண்டு நினைப்பினம்?"

"அப்ப கிழவி கொண்டுபோறன்."

"உம்மைப் பாத்தாலும் விளங்கும்" எண்டார். அதோடை முடிஞ்சுது. வண்டிலுக்குள்ளையே மெசின் பூட்டவேணும் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டார்.

அவருக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா, என்ரை மச்சாள். இஞ்சை பக்கத்திலைதான் இருக்கிறா. நல்ல மனிசிதான், ஆனால் அவவின்ரை காதிலை விழுந்தது ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை கோயில் முழுக்க விழுந்திடும். அண்டைக்கு நான் குசினியிலை லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிக்கிறன். இவர் மேசையிலை ரெலிபோனைச் சத்தமாப் போட்டுவிட்டுத் தங்கச்சியோடை கதைக்கிறார்.

"வண்டிலுக்குள்ளை தோய்க்கிற மெசினோ? ஏனண்ணை?" எண்டு அவ கேட்டா.

என்ரை மனிசன் ஒரு நிமிசமும் யோசிக்கேல்லை. "என்ன செய்யிறது பிள்ளை, உன்ரை மச்சாளைத் தெரியும்தானே. ஒருநாள் தோய்க்காட்டி அவவுக்கு நித்திரை வராது. சலவை அறையிலை நிண்டு பழகின கை" எண்டார்.

அங்காலை அவ விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குக் கையிலை கத்தி. நல்லவேளை முன்னாலை லீக்ஸ் கிடந்தது, அதை அரைச்ச மாதிரி வெட்டித் தள்ளினன்.

ரெலிபோனை வைச்ச பிறகு கேட்டன், "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" எண்டு.

"வேறை என்னத்தைச் சொல்ல?" எண்டுபோட்டுத் தலையைக் குனிஞ்சுகொண்டார். அந்தக் குனிஞ்ச தலையைப் பாத்திட்டு என்னாலை மேற்கொண்டு கதைக்க ஏலாமல் போச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் எண்டு சும்மாவே சொல்லி வைச்சவை. வெறும் வாயை மெல்லுற சனத்துக்கு அவல் கிடைச்ச மாதிரி, அடுத்த ஞாயிறு நான் தோய்க்கிற விசரி. ஒரு மனிசி என்னைத் தனிய கூட்டிக்கொண்டுபோய், "அக்கா, இது ஒரு வருத்தமாம், மனநல டொக்டரிட்டைக் காட்டினால் மாறுமாம்" எண்டு மெதுவாச் சொல்லுறா. ஆம்பிளையின்ரை மானத்தைக் காப்பாத்த வேணுமெண்டால் பொம்பிளையை விசரியாக்கிறது எங்கடை ஆக்களுக்குக் கைவந்த கலை. அதுக்கு ஆரும் கோவிக்கவும் மாட்டினம். அவளும் சிரிச்சுக்கொண்டு நிக்கவேணும்.

பிறகு மெசின் தெரிவு செய்யிற படலம். வோன்மொபிலுக்கு உள்வேலை செய்யிற ஒரு பட்டறைக்குப் போனம். தாடி வைச்ச ஒரு ஜேர்மன்காரன் வந்து வடிவா விளங்கப்படுத்தினான். சின்ன மெசின் ஒண்டு இருக்கு, மூண்டு கிலோ உடுப்புத் தோய்ச்சு முறுக்கிப் பிழிஞ்சு தரும், அவ்வளவுதான், காயவைக்கிறது உங்கடை பாடு எண்டான். இல்லாட்டித் தோய்க்கிறது ஒண்டு, காயவைக்கிறது ஒண்டு எண்டு ரண்டு மெசின் பூட்டலாம், ஆனால் ஈரக்காத்து வெளியிலை போகச் சுவரிலை ஓட்டை போடவேணும். அதுவும் வேண்டாமெண்டால் ரண்டும் ஒண்டாச் சேந்தது இருக்கு. ஈரத்தைத் தண்ணியாக்கி வடிச்சுவிடும், ஓட்டை தேவையில்லை. ஆனால் அது ஒரு ஆளின்ரை பாரம் வரும், தண்ணி கனக்கக் குடிக்கும், கரண்ட் அதைவிடக் கனக்கக் குடிக்கும், தோய்க்கிறதிலை பாதியைத்தான் ஒரு தரத்திலை காயவைக்கும். சில காம்பிங் இடங்களிலை கரண்ட் குறைவு, அங்கை இதைப் போட்டால் கட்டை விழுந்து கரண்ட் நிண்டிடும் எண்டும் சொன்னான். மனுசன் ஒண்டையும் ஒளிக்கேல்லை.

"சின்னன் காணும். வெயிலும் காத்தும் சும்மாதானே கிடக்கு, ஒரு கயிறு கட்டினால் முடிஞ்சுது" எண்டு நான் சொன்னன். தாடிக்காரனும் தலையாட்டினான்.

என்ரை மனிசன் என்னை ஒரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "கயித்திலை ஒவ்வொரு நாளும் விரிப்புத் தொங்கினால் ஏனெண்டு கேப்பினம்" எண்டார். அவருக்குத் தோய்க்கிறது பெரிசில்லை. ஈரம் ஆற்ரை கண்ணிலையும் படக்கூடாது. அதுக்காகத்தான் அந்தப் பெரிய குண்டு மெசின்.

சரி, அதையே பூட்டச் சொல்லித் துலையுங்கோ எண்டு திரும்பி வந்தம். அந்தத் தாடிக்காரன் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு சொல்லுறான், "உங்கடை மனிசர் சொன்னார், உங்களுக்குத் தோய்க்கிறதெண்டால் உயிராம். பயப்பிடாதேங்கோ, நல்ல மெசினாத்தான் தாறன்" எண்டு. நான் கழிவறைக்குப் போய்வந்த இடைவெளிக்குள்ளை அவனிட்டையும் சொல்லியாச்சு. அவன் எங்களை இனிக் காணப்போறானோ? எங்கடை கோயிலுக்கு வாறவனோ? ஊர்பேர் தெரியாத ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னாலைகூடத் தன்ரை மானத்தைக் காப்பாத்த என்னைத் தூக்கிப் போட்டிருக்கிறார். எனக்கு உச்சியிலை அடிச்சது. அந்த இடத்திலை ஒண்டும் கதைக்கேல்லை. காருக்குள்ளை ஏறின பிறகு கதைச்சன். வீட்டை வந்து சேருமட்டும் கதைச்சன். அவர் றோட்டைப் பாத்துக்கொண்டு ஓடினார், எருமை மாட்டிலை மழை பெய்த மாதிரி.

அதோடையும் முடியேல்லை. மெசின் வைக்க இடமும் வேணும், வண்டிலின்ரை பாரமும் குறையவேணும் எண்டு ஒரு அலுமாரியைக் கழட்டவேண்டி வந்தது. சட்டை தொங்கவிடுற நெடுப்பமான அலுமாரி அது ஒண்டுதான். வண்டில் வாங்கிற நேரம் நான் ஆசைப்பட்டுப் பாத்த ஒரே ஒரு சாமான். திருவிழாவுக்குக் கொண்டுபோற சீலையள் கசங்காமல் தொங்கும் எண்டு மனசுக்குள்ளை அடுக்கியும் வைச்சிட்டன். அதைக் கழட்டிக்கொண்டு போய், அந்த இடத்திலை மெசினைக் கொண்டுவந்து குந்த வைச்சினம். என்ரை சீலையள் ஒரு பைக்குள்ளை, கட்டிலுக்குக் கீழை, சப்பாத்துப் பெட்டிக்குப் பக்கத்திலை. ஆற்ரை அலுமாரி போச்சு எண்டு ஒரு நாய்கூடக் கேக்கேல்லை.

ஹனோவருக்குப் போகமுந்தி ஒருக்காப் பரீட்சை பாக்கவேணும் எண்டார். ஆவணியிலை நாட்டு எல்லைக்குக் கிட்ட ஒரு யாத்திரைத் தலத்திலை எங்கடை ஆக்களின்ரை மாதா திருவிழா நடக்கிறது. எல்லா ஊரிலையுமிருந்து சனம் வரும். கோயிலுக்குக் கிட்ட ஒரு காம்பிங் வெளி இருக்கு, அதிலை கூடாரமும் வண்டிலுமா எங்கடை சனம்தான் நிறைஞ்சு நிக்கும். "அங்கை ரண்டு ராத்திரி நிண்டு பாப்பம். சரிவந்தால் அடுத்த கிழமை ஹனோவர். சரிவராட்டி வித்துப்போடுவம், பிறகு என்னை எங்கையும் வரச்சொல்லிக் கேக்கப்படாது" எண்டார். பகிடிக்குச் சொல்லேல்லை. அந்தாள் சொன்னால் சொன்னதுதான். பேத்தியின்ரை முகத்தை இவர் நேரிலை காணுறதும் காணாததும் அந்த ரண்டு ராத்திரியிலை தொங்கிச்சுது.

தாடிக்காரன் பாரக்கணக்குப் பாக்கிற நேரம், "என்னென்ன கொண்டுபோவியள்?" எண்டு கேட்டவன். இவர் "கொஞ்ச உடுப்பு" எண்டு சொன்னவர். அரிசி மூட்டையும், மூண்டு பேர் தூக்கிற கிடாரமும், தேங்காய்ப்பால் பேணியளும், பிளாஸ்ரிக் கதிரையளும் ஏறும் எண்டு அந்த மனுசனுக்கு எப்பிடித் தெரியும்? ஏத்தின பாரத்துக்கு வண்டில் பிள்ளைத்தாச்சி மாதிரி அசைஞ்சு அசைஞ்சுதான் போய்ச் சேந்தது.

முதல் ராத்திரி சோலியில்லாமல் போச்சு. விடிய விரிப்பும் சாரமும் நனைஞ்சிருந்தது, வழமைதான். அதுகளை மெசினுக்குள்ளை போட்டு, தோய்ஞ்சு முடியக் காயவைக்கிற பக்கத்துக்குத் திருப்பிவிட்டன். இவர் குளிச்சு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வெளியிலை கதிரையைப் போட்டு இருந்தார். பழைய சீட்டுக் கூட்டாளியள் மூண்டு பேர் கண்டிட்டினம். "அட, நீர் உயிரோடை இருக்கிறீரோ?" எண்டு கேட்டுக்கொண்டு வந்து குந்திச்சினம். கொஞ்ச நேரத்திலை முன்னூத்திநாலுச் சீட்டாட்டம் தொடங்கிட்டுது. நான் உள்ளுக்கு நிண்டு கேக்கிறன், இவர் சிரிக்கிறார். வாய்விட்டுச் சிரிக்கிறார். ரண்டு வருசமாக் கேக்காத சத்தம். சத்தியமாச் சொல்லுறன், அலுமாரி போன கோபங்கூட அந்த நேரம் கொஞ்சம் இறங்கினது.

இறங்கின கோபத்தை ஏத்திவிடச் சனம் வந்தது.

எங்கடை ஆக்களிட்டை ஒரு பழக்கம் இருக்கு. ஒண்டாக் கூடுற இடத்திலை ஒருத்தரிட்டை ஒரு சாமான் இருந்தால் அது எல்லாருக்கும் பொது. ஒருத்தர் கிடாரம் கொண்டுவந்தால் அதிலை எல்லாருக்கும் சோறு அவியும். ஒருத்தர் காஸ் அடுப்பு, ஒருத்தர் நீட்டு மேசை. நானும் அப்பிடி வாழ்ந்தவள்தான், அதிலை குறை சொல்லேல்லை. ஆனால் எங்கடை பங்கு தோய்க்கிற மெசின் எண்டு அவையளே முடிவெடுத்திட்டினம். முதல்லை ஒரு பிள்ளைத்தாய் வந்தாள். "அக்கா, குழந்தை சத்தி எடுத்துப்போட்டுது, இதை ஒருக்காப் போட்டுத் தாறீங்களோ?" பாவம் எண்டு வாங்கி வைச்சன். பிறகு சாம்பார் ஊத்தின ஒரு வேட்டி. பிறகு ஒரு மூட்டை, ஆற்ரை எண்டும் தெரியாது, படியிலை வைச்சிட்டுப் போயிட்டினம். "உங்களுக்குப் பிடிச்ச வேலைதானே அக்கா" எண்டு ஒருத்தி சிரிச்சுக்கொண்டே போறாள். படியிலை கால் வைக்க இடமில்லை. பென்சன் எடுத்த சலவை அறை என்னைத் தேடி வயல்வெளிக்கு வந்திட்டுது.

இன்னொரு பக்கத்தாலை எங்கடை கரண்ட் பெட்டியிலை ஒரு வயர் ஏறியிருக்கு. பக்கத்துக் கூடாரத்தார் சோத்துக் குக்கர் குத்த இடம் கேட்டிருக்கினம், இவர் சீட்டைப் பாத்துக்கொண்டே, "ஓம் ஓம், குத்துங்கோ" எண்டிட்டார். அதைப் பாத்து அங்காலை நிண்டவை தங்கடை குக்கரைக் கொண்டுவந்தினம். அவைக்கும் ஓம். ஒருத்தருக்கும் இல்லை எண்டு சொல்லத் தெரியாத மனிசன், என்னட்டை மட்டும் எல்லாத்துக்கும் இல்லை எண்டுவார். மூண்டாவது குக்கர் குத்தினதும் டக்கெண்டு கட்டை விழுந்தது. மெசின் நிண்டுபோச்சு. கொஞ்ச நேரம் பாத்திட்டுக் கதவைத் திறந்தன். விரிப்பு இன்னும் ஈரம்.

அப்பதான் மச்சாள் ஏறி வந்தா. கையிலை ஒரு சின்ன வெள்ளைச் சட்டை. மாதாவை ஊர்வலமாக் கொண்டுவாற சுற்றுப்பிரகாரத்திலை முன்னாலை பூப்போடப்போற தன்ரை பேத்தியின்ரை சட்டை, கறி ஊத்துப்பட்டுப் போச்சு.

"மச்சாள், கெதியா இதைப் போடுங்கோ, பின்னேரம் சுற்றுப்பிரகாரம்" எண்டா.

"கரண்ட் இல்லை" எண்டன்.

"அது வரும். இதுக்குள்ளை கிடக்கிறதை எடுத்துவிட்டால் நான் போட்டு வைச்சிட்டுப் போறன்" எண்டு சொல்லி, நான் மறிக்கமுந்தி கையை விட்டு இழுத்துப்போட்டா. விரிப்பு வந்தது. அதோடை சுருண்டுகொண்டு ஒரு தடிச்ச விரிப்பும் வந்தது, சலம் உறிஞ்சிறது, வருத்தக்காரருக்குக் கீழை போடுறது. மச்சாளும் இந்த நாட்டிலை நோயாளியளைப் பாத்த மனிசி. அது என்னெண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. கத்திரிக்காய் முத்தினால் சந்தைக்கு வந்துதானே ஆகவேணும்.

அவ எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா. திரும்பி வந்து கட்டிலிலை இருந்தா. விரிப்பு மடியிலை கிடக்கு.

"மச்சாள், உங்களுக்கோ?" எண்டு கேட்டா.

எனக்கு வாய் திறபடேல்லை. அவ அதை ஓம் எண்டு எடுத்திட்டா. என்ரை கையைப் பிடிச்சா. "இதுக்குத்தானோ இந்த மெசின்? நான் ஒரு விசரி, ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிச்சனான்" எண்டு சொல்லுறா, கண்ணாலை தண்ணி ஓடுது. பிறகு குரலைக் குறைச்சுக்கொண்டு சொன்னா, "எனக்கும் இருக்கு மச்சாள். மூண்டாவது பிள்ளையோடை தொடங்கினது. அதாலைதான் நான் ஒருத்தர் வீட்டிலையும் ராத் தங்கிறேல்லை. என்ரை மனிசனுக்குக்கூடச் சொல்லேல்லை. ஆரிட்டைச் சொல்ல? அண்ணை உங்களுக்காக வண்டிலுக்குள்ளை மெசின் பூட்டித் தந்திருக்கிறார். நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்."

குடுத்து வைச்சனீங்கள் எண்டு சொன்னா பாருங்கோ, அதிலைதான் எனக்கு எல்லாம் உடைஞ்சுது. இத்தினை வருசமா ஒளிச்சு வைச்ச சாமானை இந்த மனிசி என்னை நம்பி என்ரை மடியிலை கொண்டுவந்து போடுறா. போடுறது ஒரு பொய்க்கு மேலை. விசரி எண்ட பேரையும் சுமந்தன், அலுமாரியையும் குடுத்தன், இப்ப இவவின்ரை கண்ணீரையும் ஏமாத்தி வாங்கிக்கொண்டு இருக்கவேணுமோ? வெளியிலை அந்தாள் இன்னும் சிரிச்சுக்கொண்டு சீட்டுப் போடுறார். ஒரு சொல்லுச் சொன்னால் அந்தச் சிரிப்பு நிண்டிடும் எண்டு எனக்குத் தெரியும். ஹனோவரும் இல்லையெண்டு போகலாம். தெரிஞ்சுகொண்டுதான் யன்னலைத் திறந்தன்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ."

"கை முடிய வாறன்" எண்டார்.

"இப்ப வாங்கோ" எண்டன். என்ரை குரல் எப்பிடி இருந்ததோ தெரியாது, மற்ற மூண்டு பேரும் சீட்டைக் கவிட்டு வைச்சிட்டினம்.

அவர் ஏறி வந்தார். தங்கச்சியின்ரை மடியிலை கிடந்த விரிப்பைக் கண்டார். முகம் சாம்பலாப் போச்சு. கதவுப்பிடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார், திரும்பி இறங்கி ஓடிடுவார் எண்டு நினைச்சன்.

"உங்கடை தங்கச்சி எனக்காக அழுறா. நான் ஒண்டும் சொல்லமாட்டன். சொல்லவேண்டிய ஆள் நீங்கள்" எண்டன்.

வெளியிலை ஒலிபெருக்கியிலை செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அருள்நிறைந்த மரியே முடிய அவர் கதவை இழுத்துச் சாத்தினார்.

"அது என்ரை" எண்டார்.

மச்சாளுக்கு விளங்கேல்லை. "என்ன அண்ணை?"

"அது என்ரை, பிள்ளை. ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்கு ராவிலை அடக்கேலாது. உன்ரை மச்சாளுக்கு ஒண்டுமில்லை."

"அப்ப மச்சாளுக்குத் தோய்க்கிற விசர் எண்டது?"

"அவவுக்குத் தோய்க்கிறதெண்டாலே கண்ணிலை காட்டேலாது. நான்தான் பொய் சொன்னனான்."

எத்தினை ஞாயிற்றுக்கிழமை இந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தன் எண்டு எனக்குத்தான் தெரியும். அழக்கூடாது எண்டு நினைச்சன், அழுதிட்டன், கோபத்திலைதான். மச்சாள் அண்ணனைப் பாத்தா, என்னைப் பாத்தா, பிறகு அண்ணனின்ரை தோளிலை ஒரு அடி போட்டா. நல்ல அடி. தன்ரை கதையை அவ அவருக்குச் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை. அது அவ சொல்லவேண்டியது.

அவர் விரிப்பைக் கையிலை எடுத்தார். "கரண்ட் இல்லையோ?" எண்டு கேட்டார்.

"இல்லை. வெளியிலை வெயில் எறிக்குது" எண்டன்.

பிறகு கிடாரம் கட்டிக்கொண்டு வந்த கயித்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். எங்கடை வண்டிலின்ரை பக்கக் கண்ணாடியிலை ஒரு நுனி, பக்கத்து வண்டிலின்ரை ஏணியிலை மற்ற நுனி. விரிப்பை உதறிப் போட்டார், தடிச்ச விரிப்பையும் பக்கத்திலை போட்டார். கூட்டாளி ஒருத்தர், "என்ன மச்சான், உமக்கும் மனிசியின்ரை விசர் பிடிச்சிட்டுதோ?" எண்டு கேட்டார்.

"அவவின்ரை விசர் ஒண்டும் இல்லை. இது என்ரை படுக்கை, ராவிலை நான் நனைச்சது" எண்டு சொல்லிப்போட்டுக் கதிரையிலை வந்து இருந்தார். மற்றக் கூட்டாளி சீட்டைக் கலைச்சுப் போடத் தொடங்கினார்.

நான் படியிலை வந்து நிண்டு, "உங்கடை மூட்டையளை எல்லாரும் வந்து எடுங்கோ, இஞ்சை ஒருத்தரும் தோய்க்கேல்லை" எண்டு வெளி முழுக்கக் கேக்கச் சொன்னன். குழந்தையின்ரை உடுப்பையும் அந்த வெள்ளைச் சட்டையையும் மட்டும் மச்சாளும் நானும் வாளியிலை போட்டுக் கையாலை கசக்கினம்.

பின்னேரம் சுற்றுப்பிரகாரத்துக்கு முந்தி இவர் மகளுக்கு ரெலிபோன் எடுத்தார். நான் பக்கத்திலை நிண்டனான். "வாற சனிக்கிழமை வாறன். உன்ரை வீட்டுக்குள்ளைதான் படுப்பன். கட்டிலுக்கு மேலதிகமா ரண்டு விரிப்பு எடுத்து வை, கொப்பாவுக்கு ராவிலை அடக்கேலாது" எண்டார். பிறகு மகள், "இதுக்குத்தானோ அப்பா வரேல்லை?" எண்டு கேட்டது எனக்கும் கேட்டுது.

போனம். பேத்தி இவரைக் கண்டு முதல்லை வீரிட்டு அழுதாள், பிறகு மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். இப்ப மாதத்துக்கு ஒருக்காப் போறம். விரிப்பு மகளின்ரை மெசினிலை தோயுது, பல்கணிக் கயித்திலை காயுது. அந்தக் குண்டு மெசினை அதுக்குப் பிறகு ஒருக்காலும் போடேல்லை. கழட்டிப்போட்டு என்ரை அலுமாரியைத் திரும்பப் பூட்டுங்கோ எண்டு நான் கேக்காத நாளில்லை. "பாப்பம்" எண்டுறார். கேட்டால் கோபம் வருது, கேக்காட்டியும் வருது. அதாலை நானே ஒரு வழி பண்ணிட்டன். என்ரை சீலையளை எல்லாம் மடிச்சு அந்த மெசினுக்குள்ளை அடுக்கிக் கதவைச் சாத்தி வைச்சிருக்கிறன். இனி அதிலை ஆராவது ஏதும் தோய்க்க வேணுமெண்டால் என்னட்டைத்தான் கேக்கவேணும்.